செவ்வாய், வியாழன், சனி: நம்ம பங்கு மக்களுக்கு ஒரு நன்றி மடல்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நம்ம பங்கு மக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பூசை முடிவுல அறிவிப்போட அறிவிப்பா "இன்னார் குடும்பத்தார் நன்றி தெரிவிக்கிறார்கள்"னு ஒரு வரி வாசிக்க சொல்லிடலாம்னுதான் அம்மா சொன்னாங்க. எனக்கு அது பத்தல. யாரு என்ன செஞ்சீங்கன்னு உங்களுக்குள்ளயே பல பேருக்கு தெரியாது, வின்சென்ட் தே பவுல் சபை அண்ணனுங்க செஞ்சது பாடகர் குழுவுக்கு தெரியாது, மரியாயின் சேனை ஆன்ட்டிங்க வந்து போனது இளைஞர் இயக்கத்து பசங்களுக்கு தெரியாது, அதனால உக்காந்து விவரமா எழுதுறேன், நீளமா போகும், பொறுமையா படிங்க.

அப்பாவ உங்கள்ல நெறைய பேருக்கு தெரியும், பாரிமுனை பக்கம் ப்ரெஸ்ல பைண்டிங் வேலை பாத்தவரு, ரொம்ப வருஷமா சுகர். 2023-ல கால் வீங்கி, படுத்தா மூச்சு வாங்கி, போய் டெஸ்ட் எடுத்தா ரெண்டு கிட்னியும் வேலை செய்யலன்னு சொல்லிட்டாங்க. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். எங்களுக்கு கெடச்சது செவ்வாய், வியாழன், சனி, அதுவும் காலைல முதல் ஷிஃப்ட், இருட்டோட கெளம்பணும். அம்மாவுக்கு முட்டி வலி, ஆட்டோல ஏறி எறங்கவே முடியாது. நான் கல்யாணம் ஆகி ரெண்டு தெரு தள்ளி இருக்கேன், துணிக்கடைல பில்லிங் வேலை, லீவு போட்டா அன்னிக்கு சம்பளம் கட்.

ஆபரேஷன்னா ஆஸ்பத்திரிக்கு நாலு நாள் ஓடினா முடிஞ்சிடும். சாவுன்னா கூட முப்பதாம் நாள் பூசை வரைக்கும் சொந்தக்காரங்க வந்து போவாங்க. டயாலிசிஸ் அப்படி இல்லீங்க, இந்த செவ்வாய் முடிஞ்சா அடுத்த செவ்வாய் வந்து நிக்கும், அதுக்கு முடிவே கெடையாது, மொதல் மாசம் ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்தவங்க எல்லாம் மூணாவது மாசம் போன் பண்றத நிறுத்திட்டாங்க, அவங்கள குத்தம் சொல்லல, அவங்கவங்களுக்கு அவங்கவங்க பாடு. ஆனா நீங்க நிறுத்தல. வருஷம் தாண்டியும் நிறுத்தல. இந்த மடல் மொத்தமும் அதுக்குத்தான்.

முதல்ல வின்சென்ட் தே பவுல் சபை. ஆரம்பத்துல நாங்க ஒரு தனியார் ஆஸ்பத்திரில காசு கட்டித்தான் பாத்தோம், கொஞ்ச நாள்லயே அம்மா வளையல் அடகு கடைக்கு போயிடுச்சு. அப்போ சபைல இருந்து ரெண்டு அண்ணன் வந்தாங்க (அவங்க எப்பவுமே ரெண்டு பேராத்தான் வருவாங்க). கஷ்டத்த எல்லாம் நான் சொல்ல சொல்ல கேட்டுட்டு, "முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்காம்மா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உள்ள இருக்குற குடும்பத்துக்கு அந்த கார்டு கெடைக்கும், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை, டயாலிசிஸும் அதுல சேத்தின்னு அவங்க சொல்லித்தான் எனக்கு தெரியும். இ-சேவை மையத்துல வருமான சான்றிதழுக்கு எழுதிப் போட்டதுல இருந்து, ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல அப்பாவ சேர்ல உக்கார வெச்சு லைன்ல தாங்க நின்னது வரைக்கும் அவங்கதான். அந்த ஒரு கார்டு எங்க வீட்ட காப்பாத்துச்சு, கையில பணமா குடுத்திருந்தா கூட ரெண்டு மாசத்துல கரைஞ்சிருக்கும்.

அதுக்கப்புறம் ஆட்டோ காசு. மாசா மாசம் வந்துடும், யாரு குடுத்தாங்கன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க. ஒரு தடவ வற்புறுத்தி கேட்டேன், அப்போதான் அந்த ரெண்டு அண்ணன்ல ஒருத்தரு ரகசியப் பைன்னு ஒரு விஷயம் சொன்னாரு. வாராவாரம் கூட்டத்துல ஒரு பை சுத்தி வருமாம், எல்லாரும் கைய உள்ள விட்டு எடுக்கணும், யாரு எவ்வளவு போட்டாங்க, போட்டாங்களா இல்லையான்னே யாருக்கும் தெரியாது. 1833-ல பாரிஸ் நகரத்துல ஓசானாம்னு ஒரு 20 வயசு காலேஜ் பையன் அவரு கூட்டாளிங்களோட ஏழைங்க வீட்டுக்கு போக ஆரம்பிச்சதுதான் இந்த சபையாம், அந்தப் பழக்கம் இத்தன வருஷம் கழிச்சு எங்க வீட்டு வாசப்படி வரைக்கும் வந்திருக்கு. அந்தப் பைல கை விடுறவங்கள்ல ஒரு அண்ணன் மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவரு. அவரு பேர எழுதக்கூடாதுன்னு சொல்லிட்டாரு, எழுதல. ஆனா அண்ணே, எங்களுக்கு தெரியும்ணே.

மரியாயின் சேனை ஆன்ட்டிங்கள பத்தி சொல்லணும். அவங்களும் ரெண்டு பேராத்தான் வருவாங்க, ஆனா கையில ஒண்ணும் கொண்டு வர மாட்டாங்க, பொருளாவோ பணமாவோ உதவி குடுக்குறது சேனைல கெடையாது, 1921-ல டப்ளின்ல ஆரம்பிச்ச காலத்துல இருந்து அவங்க சட்டம் அப்படித்தானாம். முதல்ல எனக்கு இது புரியல. அப்புறம்தான் பாத்தேன், வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் "அப்பா எப்படி இருக்காரு"ன்னு கேப்பாங்க, இவங்க மட்டும்தான் அம்மா பக்கத்துல உக்காந்து "நீங்க எப்படி இருக்கீங்க, நைட்டு தூங்குனீங்களா"ன்னு கேட்டாங்க. அம்மா என்கிட்ட அழ மாட்டாங்க, நான் பயந்துடுவேன்னு. அப்பா முன்னாடி அழவே முடியாது. அந்த ஆன்ட்டிங்ககிட்ட சமையல்கட்டுல நின்னு அழுதாங்க, அவங்க ஒரு வார்த்தை புத்திமதி சொல்லாம கேட்டுட்டு, கடைசில ஒரு அம்பது மணி ஜெபமாலை சொல்லிட்டு போவாங்க. குடுக்குறதுக்கு கையில ஒண்ணும் இல்லாததுனாலதான் முழுசா காது குடுத்தாங்கன்னு இப்போ தோணுது.

இப்போ இளைஞர் இயக்கம். தம்பிங்களா, உங்கள பத்தி எழுதும்போது எனக்கு தொண்ட அடைக்குது. டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போது பிரஷர் எறங்கி தல சுத்தும், அந்த நேரத்துல தனியா அனுப்பவே முடியாது, பக்கத்துல ஒருத்தர் கண்டிப்பா புடிச்சிட்டு வரணும். நீங்களே வாட்ஸப்ல ஒரு குரூப் போட்டு டர்ன் பிரிச்சுக்கிட்டீங்க, கொண்டு போய் விட ஒருத்தன், கூட்டிட்டு வர ஒருத்தன், பரிச்ச இருக்குறவனுக்கு பதிலா இன்னொருத்தன். அதுல ரெண்டு பேரு ஞாயித்துக்கிழம எட்டு மணி பூசைக்கே லேட்டா வர்ற பசங்கன்னு உங்க அம்மாமாருங்களே சொல்றாங்க, அந்தப் பசங்க விடியக்காலைல எங்க வாசல்ல வந்து நின்னீங்க.

மிக்ஜாம் புயல நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். 2023 டிசம்பர் 4, திங்கக்கிழமை, ஊரே முங்கிடுச்சு, கரண்ட் இல்ல, போன்ல சிக்னல் இல்ல, எங்க தெருல இடுப்பளவு தண்ணி. மறுநாள் செவ்வாய், அப்பாவோட நாள். இதுல ஒண்ணு உங்களுக்கு தெரியணும், சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவுல இருக்குற இடைவெளிதான் பெருசு, அதுலதான் உடம்புல தண்ணியும் பொட்டாசியமும் ஏறிக்கிட்டே போகும், பொட்டாசியம் ஏறினா இதயம் நின்னுடும், தண்ணி ஏறினா நுரையீரல்ல போய் உக்காந்துக்கும். அந்த செவ்வாய தவற விடவே கூடாது. மிஷின் ஓட கரண்ட் வேணும், ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு கிட்டத்தட்ட 120 லிட்டர் சுத்திகரிச்ச தண்ணி வேணும், சென்டர் நடக்குதான்னு கேக்க போன் வேலை செய்யல. ஒரு தம்பி அந்தத் தண்ணில நடந்தே சென்டருக்கு போய் ஜெனரேட்டர் ஓடுதான்னு பாத்துட்டு திரும்பி வந்து சொன்னான். அப்புறம் எங்கயோ போய் ஒரு மீன்பாடி வண்டிய கேட்டு வாங்கிட்டு வந்து, அதுல பிளாஸ்டிக் சேர கயித்தால கட்டி, அப்பாவ உக்கார வெச்சு தார்பாய போத்தி, நாலு பேரு தள்ளிக்கிட்டே போனீங்க. அப்பா வழியெல்லாம் செபம் சொல்லிட்டே வந்தாருன்னு அப்புறம் சொன்னீங்க. திரும்பி வரும்போது மூச்சு சீரா இருந்துச்சு. அன்னிக்கு உங்க வீட்டுக்குள்ளயும் தண்ணி இருந்துச்சுன்னு எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும், ஒருத்தனும் வாய தொறக்கல.

அன்பியத்து (பக்கத்து பக்கத்து வீட்டுக்காரங்க சேந்து ஜெபிக்கிற குழு) அக்காங்க, நீங்க கத்துக்கிட்ட சமையல பத்தி டயட்டீஷியனே ஆச்சரியப்பட்டாங்க. மத்தவங்களுக்கு சத்துன்னு குடுக்குற எளநீ, வாழப்பழம், ஆரஞ்சு எல்லாத்துலயும் பொட்டாசியம் அதிகம், அப்பாவுக்கு ஆகாது. காய நறுக்கி நெறைய தண்ணில வேக வெச்சு அந்தத் தண்ணிய கொட்டிட்டு அப்புறம்தான் தாளிக்கணும், உப்பு கம்மி, அதுக்காக கடைல விக்கிற லோ சோடியம் உப்ப போட்டுடவும் கூடாது, அதுல பொட்டாசியம்தான் இருக்கும். இவ்வளவையும் ஒரு அக்கா நோட்டுல எழுதி, அன்பியக் கூட்டத்துல பைபிள் பகிர்வு முடிஞ்சதும் எல்லாருக்கும் படிச்சு காட்டினாங்களாம். அதுக்கப்புறம் எந்த வீட்டுல இருந்து டிஃபன் கேரியர் வந்தாலும் அப்பா பயமில்லாம சாப்ட்டாரு.

கான்வென்ட் சிஸ்டர், நர்ஸா இருந்தவங்க, அப்பா கையில ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக ஆபரேஷன் பண்ணி ரெண்டு ரத்தக் குழாய சேத்து வைக்கிறது) போட்டதும் வீட்டுக்கே வந்து அது மேல விரல வெச்சு உள்ள ஓடுற அதிர்வ எங்களுக்கு காட்டி குடுத்தாங்க, தெனமும் காலைல தொட்டு பாருங்க, அதிர்வு நின்னா உடனே ஓடுங்க, அந்தக் கையில பிரஷர் பாக்கவோ ஊசி போடவோ யாரையும் விடாதீங்கன்னு. இன்னி வரைக்கும் அம்மா காலைல எழுந்ததும் முதல் வேலை அதுதான்.

ஃபாதர், உங்களுக்கு ரெண்டு விஷயத்துக்கு நன்றி. ஒருநாள் அப்பாவுக்கு ரொம்ப முடியாம போனப்போ உங்கள கூப்பிடலாம்னு நான் சொன்னதுக்கு அம்மா ஒத்துக்கவே இல்ல, அவஸ்தை (ஃபாதர் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிறது) பூசுனா ஆளு போயிடுவாருன்னு அவங்க ஊர் பக்கம் பழைய நம்பிக்கை. நீங்க வந்து அம்மா பக்கத்துல உக்காந்து யாக்கோபு திருமுகத்துல இருந்து வாசிச்சு, இது சாகப்போறவங்களுக்கு மட்டும் குடுக்குறது இல்லம்மா, நோயில பூசுதல் நோயாளிக்கு தெம்புக்குத்தான், நோய் முத்தினா திரும்பவும் வாங்கலாம்னு சொன்னீங்க. அன்னிக்கு நெத்தியிலயும் கையிலயும் எண்ணெய் பூசினதும் அப்பா அழுதாரு, அம்மாவுக்கு பயம் போச்சு. அடுத்தது தவக்காலத்துல, அப்பா ஒருசந்தி (ஒரு வேள மட்டும் முழுசா சாப்பிடுற விரதம்) இருப்பேன், முட்டை தொட மாட்டேன்னு புடிவாதம், டயாலிசிஸ் பண்றவங்களுக்கு புரதச் சத்து நெறைய வேணும், முட்டை வெள்ளைய விட்டுட்டா எப்படி. யாரு சொல்லியும் கேக்கல. நீங்கதான் வந்து, 60 நெருங்குனாலே ஒருசந்தி கட்டாயம் இல்ல, நோயாளிக்கு எந்த வயசுலயும் இல்ல, டாக்டர் சொல்றத கேக்குறதுதான் உங்க தவம்னு சொன்னீங்க. அன்னிக்கு சாயங்காலமே ரெண்டு முட்டை சாப்ட்டாரு.

வீட்டுக்கு நற்கருணை கொண்டு வர்ற சாருக்கும் நன்றி. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணின்னு அளவு இருக்கு, வாய் எப்பவும் காஞ்சே இருக்கும், அப்பம் முழுங்க தண்ணி வேணும்னு தயங்குனாரு. சார் அத கேட்டுட்டு அப்பத்த துணுக்கா உடைச்சு நாக்குல வெச்சு ஒரு ஸ்பூன் தண்ணி குடுத்தாரு, சின்ன துணுக்குலயும் ஆண்டவர் முழுசாத்தான் இருக்காருன்னு சொல்லிக்கிட்டே. முதல் வெள்ளிக்கு மட்டும் வந்தவரு இப்போ ஞாயித்துக்கிழமையும் வர்றாரு.

பாடகர் குழு கேரல் ரவுண்ட்ஸ்ல எங்க வீட்டுக்கு வந்துட்டு கெளம்பும்போது கிழிஞ்சு போன பாட்டு புத்தகங்கள அப்பாகிட்ட குடுத்து "இத பைண்டிங் பண்ணித் தர முடியுமா அங்கிள்"னு கேட்டீங்க பாருங்க, அது எவ்வளவு பெரிய மருந்துன்னு உங்களுக்கு தெரியாது. வேலைக்கு போக முடியாத மனுஷன், ஒரு வருஷமா எல்லாரும் அவருக்கு செஞ்சாங்க, அவருகிட்ட யாரும் எதுவும் கேக்கல. ஃபிஸ்டுலா கைய அசைக்காம மெதுவா, அம்மா பசை காய்ச்சி குடுக்க, ஒவ்வொண்ணா தைச்சு அட்டை போட்டு முடிச்சாரு. தயவுசெஞ்சு இன்னும் இருந்தா குடுங்க.

நம்ம பங்கு இல்லாதவங்களும் ரெண்டு பேரு இருக்காங்க. பால்ல இருந்து மளிகை வரைக்கும் கணக்கே கேக்காம குடுத்த கடை பாய், எத்தன மணி ஆனாலும் மீட்டருக்கு மேல ஒரு ரூபாய் வாங்காத ஆட்டோ அண்ணன். இவங்களுக்கும் நன்றி பூசைல வேண்டிக்கிறோம்.

இப்போ அப்பா நல்லா இருக்காரு, சில ஞாயித்துக்கிழமைல கோயிலுக்கே நேர்ல வந்து கடைசி பெஞ்சுல உக்காருறாரு. டயாலிசிஸ் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

போன மாசம் நம்ம பங்குலயே இன்னொரு வீட்டுல டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கு, அவங்களுக்கு திங்கள், புதன், வெள்ளி. தம்பிங்க கைல ஆள் பத்தல, வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க இளைஞர் இயக்க செயலாளர்கிட்ட பேர் குடுங்க, வாரத்துல ஒரு நாள் வந்தா போதும். காய் வேக வெக்கிற நோட்டு அன்பியத் தலைவிகிட்ட இருக்கு, கார்டுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு நானே கூட வந்து காட்டுறேன்.

வர்ற ஞாயிறு எட்டு மணி பூசை எங்க குடும்பத்தோட நன்றித் திருப்பலி. முடிஞ்சதும் கோயில் திண்ணைல சுண்டலும் டீயும் இருக்கு, எல்லாரும் இருந்து சாப்ட்டுட்டு போங்க. அப்பா உங்ககிட்ட வந்து "அரை கிளாஸ் டீ மட்டும் ஊத்துப்பா"ன்னு கேப்பாரு. குடுக்காதீங்க, அவரோட அளவு தண்ணி அம்மா கைல பாட்டில்ல இருக்கு.

அன்போடயும் செபத்தோடயும்,
பைண்டர் வீட்டுப் பொண்ணு