அண்ணாவுக்கு, கம்பிக்கூடு பற்றி

அன்புள்ள அண்ணா,

உன் மகனுக்கு மீன் பிடிக்கும் கம்பிக்கூடு கட்டக் கற்றுக்கொடுத்துவிட்டேன். அப்பாவின் கட்டிங் பிளேயரையும் அவனுக்கே கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காததற்கு மன்னித்துக்கொள். கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை.

போனை நீ எடுப்பதில்லை. நான் இங்கே எழுதுவதைப் படிக்கிறாய் என்று அவன்தான் சொன்னான். சொந்தக்காரர்களும் படிக்கிறார்கள். ஆகவே பண விஷயத்தை இங்கே தொடமாட்டேன், நிலத்தைப் பற்றியும் பேசமாட்டேன். ஆனால் அப்பாவின் திதியன்று கூடத்தில் அத்தனை பேர் முன்னால் மணிக்கட்டுத் தழும்பைக் காட்டி, அவர் ஈரமில்லாதவர் என்று ஒரு கதை சொன்னாயே, அதற்கு அத்தனை பேர் முன்னால்தான் பதில் சொல்லவேண்டும்.

கூட்டின் உள்வாயை எவ்வளவு குறுக்குவது என்று பார்க்க, அப்பா உன் முஷ்டியைத்தான் அளவாக வைத்துக்கொண்டார். புனல் வடிவில் வளைத்த வலை. அறுத்த கம்பி முனைகள் எல்லாம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தன. உன் கை சுலபமாக உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது முனைகள் மணிக்கட்டில் ஏறின. நீ அலறிக்கொண்டு மேலும் இழுத்தாய். "இழுக்காதே, இன்னும் உள்ளே விடு" என்றார். மாட்டிக்கொண்ட பிள்ளையை இன்னும் உள்ளே போகச் சொன்ன தகப்பன் என்கிறாய். வேறு வழி ஏது அண்ணா? கை முன்னே போனால்தான் முனை சதையை விடும். நீ தள்ளிய அந்த நொடியில் பிளேயரை நுழைத்து ஒவ்வொரு கம்பியாக நறுக்கினார். சிரித்தார் என்கிறாயே, சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கூட்டைப் பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் நான். குனிந்திருந்தவரின் உச்சந்தலை மட்டும்தான் உனக்குத் தெரிந்திருக்கும். அன்று இரவு முழுக்க உன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தாரே, அதைக் கூடத்தில் ஏன் சொல்லவில்லை?

நீங்கள் எல்லோரும் கிளம்பிய மறுநாள் அவன் என்னிடம் கேட்டான்: "அத்தை, தாத்தா கெட்டவரா?" நான் பதில் சொல்லவில்லை. கடைவீதிக்கு அழைத்துப்போய் வலை வாங்கினேன்.

கோழிவலை வேண்டாம், நீரின் இழுப்பில் நசுங்கிவிடும். துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த வலைதான் வாங்கினோம். வலைக்கண் சிறுத்தால் குஞ்சும் சேர்ந்து மாட்டும் என்பதால் 1 அங்குலக் கண். 3 அடி நீளத்தை வளைத்துக் கட்டினால் ஏறக்குறைய 1 அடி விட்டமுள்ள உருளை. புனலின் கம்பி முனைகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு மடிக்கவைத்தேன். அந்த ஒன்றில் மட்டும் அப்பாவின் முறையை மாற்றினேன், உனக்காக. மடித்தாலும் கூடு வேலை செய்கிறது. உள்ளே வந்த மீன் சுவரோரமாகவே சுற்றுகிறது, நடுவிலிருக்கும் வாயைத் தேடுவதில்லை.

கூட்டின் பின்கதவை அப்பா கம்பியால் கட்டவே மாட்டார், பருத்தி நூல்தான். கஞ்சத்தனம் என்று எவ்வளவு கேலி செய்வாய்! வெள்ளம் இழுத்துப்போன கூடு ஆற்றடியில் கிடந்து மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. உள்ளே செத்த மீன் அடுத்த மீனுக்கு இரையாகும். கம்பி துருப்பிடித்து விட ஆண்டுக்கணக்காகும். நூல் சில வாரங்களில் இற்றுப்போகும், கதவு தானாகத் திறந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாத மீனுக்காக அந்த முடிச்சைப் போட்ட மனிதரைத்தான் நீ ஈரமில்லாதவர் என்றாய்.

ஏற்காட்டில் பெய்த மழை சரபங்கா ஆற்றில் கலங்கலாக இறங்கியதும் நம் ஓடையிலும் தண்ணீர் வந்தது. பயப்படாதே, பையனை நீரில் இறக்கவில்லை. தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் பிசைந்து துணியில் முடிந்து உள்ளே கட்டி, கல்லை வைத்து, கரையிலிருந்தே கயிற்றில் இறக்கினோம். வாய் நீர் போகும் பக்கம் பார்த்திருக்கவேண்டும். இரையின் வாசனை நீரோடு கீழே போகும், மீன் அதைப் பிடித்துக்கொண்டு எதிரேறி வரும். இதை நான் சொல்வதற்குள் அவனே சொல்லிவிட்டான். உன் மூளை அவனுக்கு. எனக்குப் பெருமையாக இருந்தது.

காலையில் தூக்கினால் கெளுத்தியும் ஜிலேபியும், ஒரு பெரிய விராலும். கெளுத்தியின் முள் குத்தாமல் துணி சுற்றிப் பிடிக்கக் காட்டினேன். விரால் குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும் பருவம் இது, தாயோ தகப்பனோ போய்விட்டால் குஞ்சுகள் கதியற்றுப்போகும் என்றேன். உடனே விடலாம் என்றான். மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள் வலையாக இருந்தால் விடுவதற்கு உயிரோடு இருந்திருக்காது. ஜிலேபியை விடவில்லை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன், இன்று நம் ஏரியெல்லாம் அதுதான். குழம்பு வைத்தேன், அப்பா வைக்கிற மாதிரிப் புளி தூக்கலாக. அவன் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினான்.

அவனைக் கெடுக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். அவன் தாத்தாவை நீ மட்டும் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது.

கூட்டை அங்கே அனுப்பமாட்டேன், உங்கள் பால்கனியில் அதற்கு வேலை இல்லை. அரையாண்டு விடுமுறைக்கு அவனை பஸ் ஏற்றிவிடு. நீயே கொண்டுவந்து விட்டால் இன்னும் நல்லது. அண்ணி கேட்டால் நான்தான் வற்புறுத்தினேன் என்று சொல்லிக்கொள்.

உன் தங்கை