படிவம் ஒன்றுக்குப் போன பெண் பிள்ளைக்கும் திடல் வேண்டும்: பினாங்குத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பட்டர்வொர்த்தில் குடியிருக்கும் நான், பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, சனிக்கிழமை காலைகளில் ஒரு தமிழ்ப்பள்ளித் திடலில் பெண் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக் கொடுத்து வருகிறேன். பயிற்றுநர் என்று மார்தட்டிக்கொள்ளப் பெரிய சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை. பள்ளிக் காலத்தில் தாக்குதல் ஆட்டக்காரியாக இருந்து, 14 வயதில் வீட்டார் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஆட்டத்தை விட்டவள். அவ்வளவுதான் என் தகுதி.

சில வாரங்களுக்கு முன், சென்ற ஆண்டு வரை அந்தப் பள்ளியின் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் குழுவில் ஆடிய மாணவி ஒருத்தி, இப்போது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் இருப்பவள், பயிற்சிக்கு வந்தாள். காவலாளி மரியாதையாகத்தான் பேசினார். "முன்னாள் மாணவர்களை விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க டீச்சர், சங்கத்துல ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். காலணிகளின் கயிற்றை ஒன்றாக முடிந்து தோளில் போட்டுக்கொண்டு, வேலிக் கம்பியைப் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் அவள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடைநிலைப்பள்ளியில் பெண்களுக்கு வலைப்பந்து உண்டு, காற்பந்து இல்லை. பந்து தன்னிடம் வருவதற்கு முன் இரண்டு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்ததில்லை. வேறு யாரும் சொல்லிக் கொடுத்ததாகவும் தெரியவில்லை.

இந்தச் சிறு பழக்கத்தை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், தாக்குதல் ஆட்டக்காரரின் வேலையில் பெரும்பகுதி பந்து காலில் இல்லாதபோதுதான் நடக்கிறது. தற்காப்பு ஆட்டக்காரர் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் அவர் முதுகுக்குப் பின்னால் நழுவி, கோலின் தூரக் கம்பத்தருகே போய் நிற்பதைப் பாடமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நூறு முறை தவறான நேரத்தில் ஓடிப் பார்த்த பிறகுதான் சரியான நேரம் காலுக்குப் பிடிபடும். நான் பார்த்தவரையில் அது 12 வயதுக்கும் 16 வயதுக்கும் இடையில் பிடிபடுகிறது. நம் பிள்ளைகளுக்குத் திடல் பூட்டப்படுவதும் சரியாக அந்த வயதில்தான்.

ஆஸ்திரேலியாவின் தாக்குதல் ஆட்டக்காரி சாம் கெரை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 1993-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஈஸ்ட் ஃப்ரிமேண்டிலில் பிறந்தவர். அவருடைய தந்தை பிறந்தது கல்கத்தாவில். தந்தையைப் பெற்ற பாட்டி ஓர் இந்தியப் பெண்மணி, கூடைப்பந்து ஆடியவர். "நம் பெண்களின் உடல்வாகுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லும் பெரியவர்கள் இந்தப் பாட்டியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். கெர் 12 வயது வரை ஆடியது காற்பந்தே அன்று. ஆண் பிள்ளைகளோடு, முட்டி மோதி ஆடும் ஆஸ்திரேலிய விதிப் பந்தாட்டம் ஆடினார். பையன்கள் வளர வளர அடிபட்டு வீடு திரும்புவது அதிகமானதால் காற்பந்துக்கு மாறினார். 15 வயதில் பெர்த் குளோரியின் மகளிர் குழுவிலும், 2009 பிப்ரவரியில் இத்தாலிக்கு எதிராகத் தேசியக் குழுவிலும் களமிறங்கிவிட்டார். 2010-இல் செங்டுவில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் வடகொரியாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தபோது அவருக்கு 16 வயது. ஆஸ்திரேலியா பினால்டியில் கிண்ணத்தை வென்றது. நம் கணக்கில் அது படிவம் நான்கு.

அதன் பின் வந்தவை ஊரறிந்தவை. அமெரிக்க லீக்கில் 2017, 2018, 2019 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதிகக் கோல் அடித்தவர், செல்சிக்குப் போய் இங்கிலாந்து லீக்கிலும் இரண்டு பருவங்கள் அதையே செய்தார். 2022 ஜனவரியில் மும்பையில் இந்தோனேசியாவுக்கு எதிராக 5 கோல்கள் அடித்து, ஆண்கள் குழுவின் டிம் கேஹில் வைத்திருந்த 50 கோல் தேசியச் சாதனையைக் கடந்தார். என் மனத்தில் நிற்பது 2021 டிசம்பர் 5. பெண்கள் தங்கள் திடல்களில் ஆடக்கூடாது என்று இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 1921-இல் தடை போட்டு அன்றோடு சரியாக 100 ஆண்டுகள். வெம்ப்ளியில் அதே சங்கத்தின் எஃப்.ஏ. கிண்ண மகளிர் இறுதியாட்டம், ஆர்செனலுக்கு எதிராகக் கெர் இரண்டு கோல்கள் அடித்தார், அதில் ஒன்று கோல்காவலரின் தலைக்கு மேல் மெல்லத் தூக்கிவிட்டது. அந்தச் சங்கம் தன் தடையை நீக்க ஏறக்குறைய 50 ஆண்டுகள் பிடித்தன. நம் வாயிற்கதவைத் திறக்க ஒரு கடிதம் போதும்.

அடிபடும் என்ற அச்சம் பொய்யானதன்று. அதைச் சொல்லும் தாய்மாரிடம் நான் வாதாடுவதில்லை. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் தசைநார், ஆட்டக்காரர்கள் ஏ.சி.எல். என்பார்களே, அது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் அறுந்துபோகிறது. கெருக்கே 2024 ஜனவரியில் மொரோக்கோவில் நடந்த பயிற்சி முகாமில் அறுந்து, மீண்டும் ஆட்டத்துக்கு வர ஏறக்குறைய 20 மாதங்கள் ஆயின. ஆனால் இதற்குச் செலவில்லாத ஒரு தற்காப்பு இருக்கிறது. ஃபிஃபா 11+ என்ற 20 நிமிட உடல்சூடேற்றப் பயிற்சியில் ஓட்டமும், ஒற்றைக்காலில் நிற்பதும், குதித்து முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்குவதும் அடங்கும். நோர்வேயில் 125 சங்கங்களைச் சேர்ந்த, 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,892 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. இந்தப் பயிற்சியைச் செய்த குழுக்களில் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைச் செய்த பிறகுதான் பந்தைத் தொடுகிறார்கள். யாரும் கவனிக்காத தெருவோரத்தில் ஆடி அடிபடுவதைவிட, இதைச் செய்துவிட்டு உங்கள் திடலில் ஆடுவது எந்தத் தாய்க்கும் நிம்மதிதானே.

வெயிலில் கறுத்துவிடுவாள் என்பதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

பணத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலையில் லிவர்பூலில் இருந்து 20 வயதுத் தாக்குதல் ஆட்டக்காரர் ஒலிவியா ஸ்மித்தை ஆர்செனல் ஒரு மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கியது. அந்தச் செய்தியைக் காட்டி எந்தப் பெற்றோரையும் நான் அழைத்ததில்லை. நம் நாட்டு மகளிர் லீக்கை நம்பி வீட்டுக் கடன் கட்ட முடியாது, படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை விட்டுவிடச் சொல்லும் பைத்தியக்காரத்தனமும் எனக்கில்லை. ஆனாலும் 1983 ஆசியக் கிண்ணத்தில் மலேசியப் பெண்கள் மூன்றாம் இடத்தைப் பிடித்தவர்கள். அந்தப் போட்டியை நடத்தும் ஆசியக் காற்பந்து சம்மேளனத்தின் தலைமையகம் நம் புக்கிட் ஜாலிலில்தான் இருக்கிறது. இங்கே ஒரு மலாக்காரப் பையன், முகமட் ஃபைஸ் சுப்ரி, 2016-இல் ஜார்ஜ்டவுன் பண்டாராயா அரங்கில் அடித்த ஃப்ரீகிக்குக்கு, ஆண்டின் சிறந்த கோலுக்கு ஃபிஃபா தரும் புஸ்காஸ் விருது வாங்கியபோது நாம் எல்லாரும் நம் வீட்டுப் பிள்ளை வாங்கியதுபோலத்தான் கொண்டாடினோம்.

என் வேண்டுகோள் பெரியதன்று. இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. திடல் உள்ள பள்ளிகளின் சங்கங்கள், படிவம் ஒன்று முதல் மூன்று வரை படிக்கும் முன்னாள் மாணவிகள் சனிக்கிழமை காலை 7.30 முதல் 9.30 வரை உள்ளே வந்து ஆடலாம் என்று, தலைமையாசிரியரின் இசைவோடு ஒரு தீர்மானம் எழுதி, அதன் நகலைக் காவலாளியிடம் கொடுத்தால் போதும். பந்து எங்களிடம் இருக்கிறது. கூம்புகளுக்குப் பதிலாகப் பழைய மைலோ டின்களை வைத்துக்கொள்கிறோம். பெற்றோர் ஒப்புதல் படிவங்களையும் முதலுதவிப் பெட்டியையும் நானே கொண்டுவருகிறேன். ஆட்டம் முடிந்ததும் திடலைக் கூட்டிவிட்டுத்தான் போவோம்.

கடிதத்தின் மாதிரியை எழுதி, என் பகுதிச் சங்கத்தின் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், நான்கு வரிதான். அடுத்த செயலவைக் கூட்டத்தில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைக்கு வரும் ஜனவரியில் 14 வயது ஆகிறது.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு முன்னாள் தாக்குதல் ஆட்டக்காரி