ஆளில்லாத படங்கள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பேத்தி முழுநேரமும் உன்னிடம்தான் என்று எழுதியிருந்தாய். அவளைப் பார்த்துக்கொள். இங்கே மதுரையில் எல்லாரும் சௌக்கியம்.

"ரிட்டயர் ஆனதும் கேமரா வாங்கினாயே, என்னடி எடுக்கிறாய்? திருமலை நாயக்கர் மகால் படம் இருந்தால் அனுப்பு" என்று கேட்டிருந்தாய். மகால் படங்கள் நிறைய இருக்கின்றன, அனுப்புகிறேன். ஆனால் இப்போது நான் தேடிப் போவது வேறு. அதை உன்னிடம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கேமரா கைக்கு வந்த புதிதில் எல்லாரும் போகிற இடங்களுக்குத்தான் போனேன். மகால் தூண்கள், தெப்பக்குளத்து மைய மண்டபம், கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளம், ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலை. (2018 தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனைக்கூட விடுவதில்லை. கோபுரங்களை வெளியே நின்றுதான் எடுக்க முடியும்.) அந்தக் கல்லும் மலையும்தான் எனக்கு வெளிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தன. ஒரே பாறை காலையில் ஒரு நிறம், உச்சி வெயிலில் ஒரு நிறம், சாயங்காலம் வேறொன்று.

அப்புறம் என் மகன் கம்ப்யூட்டரில் சில பழைய படங்களைக் காட்டினான். லின்னேயஸ் டிரைப் என்று ஒருவர், கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் கேப்டன். சென்னை மாகாண அரசுக்குப் புகைப்படக்காரராக வேலை பார்த்தவர். 1858-ல் மதுரைக்கு வந்து கோயில், தெப்பக்குளம், கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபம், விளக்குத்தூண், மகால் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார். காகித நெகட்டிவ்! அந்த மகால் நீயும் நானும் பார்த்த மகால் இல்லை. நேப்பியர் பிரபு கவர்னராக வந்து பழுதுபார்க்க வைத்ததற்கு முந்தைய மகால். சுவரெல்லாம் பெயர்ந்து கிடக்கிறது. வெறும் வானம் வெள்ளையாகத் தெரியக்கூடாது என்று நெகட்டிவிலேயே மேகத்தை வரைந்துவிடுவாராம் மனுஷன். அவ்வளவு சிரத்தை.

படங்களைப் பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. அநேகமாக எதிலுமே ஆள் இல்லை. நம்ம ஊரில், கோயில் வாசலில், ஆள் இல்லாமல் இருக்குமா? அந்தக் காலத்துக் காகிதத்தில் படம் விழ நெடுநேரம் வெளிச்சம் பட வேண்டும். அசைகிறவர்கள் பதிய மாட்டார்கள். நடந்துபோனவர்கள், கூடை சுமந்தவர்கள், பூ விற்றவர்கள் எல்லாரும் கேமராவுக்கு முன்னால்தான் இருந்திருப்பார்கள். ஒருத்தரும் தங்கவில்லை. கல்லை அவர் எடுத்து முடித்துவிட்டார், அவரைவிட நன்றாக என்னால் எடுக்க முடியாது என்று அன்றைக்குத் தோன்றியது. அவருக்குப் பிடிபடாமல் போனவர்கள்தான் எனக்கு வேண்டும்.

அப்படித்தான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். விடியுமுன்பே சாக்குச் சாக்காக மல்லிகை வந்து இறங்கிவிடும். மொட்டாகத்தான் வரும், சாயங்காலம் மலர வேண்டுமே. பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து, முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் விலை ஏறுகிற ஏற்றத்தை யாரும் தடுக்க முடியாது. கேமராவை எடுத்ததுமே முகங்கள் இறுகின. வாசல் பக்கம் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஒனக்குக் கட்டத் தெரியுமா?" என்றார். கேமராவைப் பையில் வைத்துவிட்டு நாரை வாங்கிக் கட்டினேன். என் கண்ணியைப் பார்த்துவிட்டு, "நெருக்கிக் கட்டு தாயி, காசு குடுத்து வாங்குறாகள்ல" என்று திருத்தினார். அதற்கப்புறம் நான் எவ்வளவு கிட்டப் போனாலும் அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அங்கே எல்இடி விளக்குதான். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் சில விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும். அதனால் 1/50 நொடியில் நிறுத்தி, ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 3200 வரை ஏற்றி எடுக்கிறேன். அந்த வேகத்தில் அந்த அம்மாவின் முகமும் மூக்குத்தியும் தெளிவாக விழுகின்றன, கட்டுகிற விரல்கள் மட்டும் கலங்கிப் போகின்றன. போட்டோ கிளப்பில் அதைக் குறை என்றார்கள். எனக்கு அந்தக் கலங்கல்தான் வேண்டும். அவர் வேலை செய்துகொண்டிருந்தார் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி?

இன்னொருவர் புதுமண்டபத்தில் கடை வைத்திருந்த தையற்காரர். புதுமண்டபத்துக் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், தெரியுமல்லவா? சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு திரி எடுப்பவர்களுக்கும் தண்ணீர் பீய்ச்சுபவர்களுக்கும் வெல்வெட்டில் ஜரிகை வைத்துத் தைக்கிறார். பங்குனி பிறந்ததிலிருந்து மிஷின் ஓயவில்லை. "அங்க தூணுல சாஞ்சு தைப்பேன், முதுகுக்குக் குளுகுளுன்னு இருக்கும்" என்றார். மண்டபம் காலியானது நல்லதுதான், திருமலை நாயக்கர் காலத்துச் சிற்பங்கள் வெளியே தெரிகின்றன. ஆனால் அங்கே போய் நின்றபோது டிரைப் எடுத்த படத்துக்குள்ளேயே நிற்கிற மாதிரி இருந்தது. தூண் இருக்கிறது, ஆள் இல்லை. நம் காலத்தில் பாத்திரக் கடை, வளையல் கடை, புத்தகக் கடை, மிஷின் சத்தம் என்று நிரம்பி வழிந்த இடம். அதை எடுக்க அப்போது என்னிடம் கேமரா இல்லை.

அதனால்தான் உன்னிடம் ஒரு வேலை சொல்கிறேன். உன் அம்மா வீட்டு ஆல்பங்களை எடுத்துப் பார். திருவிழாவுக்குப் போனபோதோ, கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போனபோதோ, புதுமண்டபம் பின்னால் விழுந்த ஒரு படமாவது இருக்கும். யார் கடையாக இருந்தாலும் சரி, முகம் தெரியாவிட்டாலும் சரி. போனில் எடுத்து அனுப்பாதே, பளபளப்பு அடிக்கும். சித்திரைக்கு வருகிறபோது ஆல்பத்தையே கொண்டு வா, இங்கே ஸ்கேன் செய்துகொள்ளலாம். முதலில் அந்தத் தையற்காரரிடம்தான் காட்டவேண்டும்.

உன் சிநேகிதி