நீல மை வட்டம் போட்ட டாக்டருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் என் மகன் தெருமுனைக் கடைவரை தனியாக நடந்துபோய்ப் பால் வாங்கி வந்தான். நாலு மாதத்தில் முதல் தடவை. அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன்.

22 வயது, கபடி ஆடுகிற பையன். காய்ச்சல், உடம்புவலி என்று படுத்தான். நாலாம் நாள் மூச்சு வாங்கியது, வாந்தி வேறு. வாயுத்தொல்லை என்று நினைத்து நான்தான் ஓமத்தண்ணீர் கொடுத்தேன். திண்டுக்கல்லில் அன்று ராத்திரி டியூட்டியில் இருந்த இளம் டாக்டர், அவன் கைகால் ஜில்லிட்டிருப்பதைத் தொட்டுப் பார்த்ததுமே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். "அம்மா, இது வயிறு இல்லை, இதயம்" என்றார். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடுமாம் டிரோபோனின்; அது எகிறியிருந்தது. பிரஷர் குறைவாக இருக்கிறதே என்று குளுக்கோஸ் பாட்டிலை வேகமாக ஏற்றப் போனவர்களை அவர்தான் தடுத்தார். ஏற்றியிருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். மதுரைக்கு அவரே போன் பேசி, 108-இல் ஏற்றிவிட்டார்.

மதுரையில் எக்கோ ஸ்கேன் எடுத்தபோது பம்பிங், அதாவது இதயத்தில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளும் பங்கு, 15 சதவீதம். 55-க்கு மேல் இருக்க வேண்டுமாம். ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை. வைரஸ் கிருமியாலும், அதோடு உடம்பு போட்ட சண்டையாலும் இதயத் தசையே வீங்கிப்போயிருக்கிறது என்றார் இதய டாக்டர். "இந்த வீக்கம் வடிகிறவரை இதயத்துக்கு ஓய்வு வேண்டும். அதுவரை வேலையை மெஷின் செய்யட்டும்" என்று எக்மோ வைத்தார். தொடையில் சிரை வழியாக ரத்தத்தை எடுத்து, பிராணவாயு ஏற்றி, தமனி வழியாகத் திருப்பி அனுப்புகிற மெஷின். ஆறு நாள்.

அந்த ஆறு நாளும் மெஷின் பக்கத்திலேயே இருந்த தம்பிகளே, நீங்கள் சாப்பிடப் போனதை நான் பார்த்ததே இல்லை. மணிக்கொரு தரம் அவன் கால்விரலைத் தொட்டுச் சூடு பார்த்த நர்ஸ் அம்மா, ஒரு விடியற்காலையில் கால் வெளுத்ததைக் கண்டு நீங்கள் ஓடியது என் கண்ணிலேயே நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே ரத்தம் போவதற்காக வைத்திருந்த இன்னொரு மெல்லிய குழாயை உடனே சரிசெய்தார்கள். அந்தக் கால் இன்று நடக்கிறது.

ரத்தமும் தட்டணுவும் கொடுக்க வேலைக்கு லீவு போட்டு வந்த கபடிக் குழுப் பிள்ளைகளுக்கும், பணம் திரட்டிய தெருக்காரர்களுக்கும், எங்கள் மாட்டைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மதினிக்கும் நான் கடன்பட்டவள்.

இப்போது பம்பிங் 48. உப்பு குறைத்துச் சமைக்கிறேன். தண்ணீர் அளந்துதான். காலையில் எழுந்ததும் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறான். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரைகள் தொடர்கின்றன. டாக்டர் சொல்லும்வரை கபடி கிடையாது; அதுதான் அவனுக்குப் பெரிய வருத்தம்.

திண்டுக்கல் டாக்டர் தம்பி, பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. திரும்பப் போனபோது நீங்கள் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தீர்கள். அந்த ஈ.சி.ஜி. தாளில் நீங்கள் நீல மையில் போட்ட வட்டம் இன்னும் அழியவில்லை. ஃபைலில் முதல் தாளாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா