அமேசானும் விவசாயக் கடனும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமேசானில் காடழிப்பு குறைந்திருப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். முழுப் பெருமையையும் செயற்கைக்கோளுக்கே கொடுத்துவிட்டீர்கள். அது அனுப்பும் படத்தை வைத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்குகிற இபாமா என்ற பிரேசில் அரசு அமைப்புக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி.

நான் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். அதனால் என் கண் வேறு இடத்துக்குப் போகிறது. இபாமா விதிக்கும் அபராதங்களில் பெரும்பகுதி வசூலாவதே இல்லை. மேல்முறையீட்டிலேயே வருடங்கள் ஓடிவிடும். ஆனால் சட்டத்தை மீறி அழித்த நிலத்தை முடக்கி, அங்கே இனி பயிரும் கூடாது, மாடும் கூடாது என்று உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முடக்கிய நிலங்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே விளைந்ததை வாங்குகிறவருக்கும் அபராதம். 2008-இல் பிரேசிலின் மத்திய வங்கியும் சேர்ந்துகொண்டது: அமேசான் பகுதியில் நிலப் பத்திரமும் சுற்றுச்சூழல் ஆவணமும் சரியாக இல்லாத பண்ணைக்குக் கடன் கிடையாது. அபராத நோட்டீஸைப் பரணில் போட்டுவிடலாம். விதைப்பு நேரத்தில் கடன் வராவிட்டால்?

2004-இல் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அழிந்தது. 2012-இல் அது 4,600-க்கும் கீழே இறங்கியதில் இந்த நெருக்கடிக்கும் பங்குண்டு.

அப்புறம் பொல்சனாரோ பிரேசில் அதிபராக வந்தார். காட்டுக்குள் பிடிபடும் இயந்திரங்களை இபாமா எரிப்பதை வெளிப்படையாகவே எதிர்த்தார். காடழிப்புப் புள்ளிவிவரம் பிடிக்காமல் 2019-இல், அதைக் கணக்கிடும் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவரையும் பதவியிலிருந்து நீக்கினார்கள். செயற்கைக்கோள்கள் அப்போதும் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் 2021-இல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2023-இல் மரீனா சில்வா மறுபடி சுற்றுச்சூழல் அமைச்சரானார், இபாமா மறுபடி களத்தில் இறங்கியது. 2024-இல் கணக்கு சுமார் 6,300. உங்கள் கட்டுரையாளர் இந்த ஏற்ற இறக்கத்தை எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

ஓட்டைகளும் உண்டு. நிலத்தைப் பினாமி பெயரில் வைப்பது நமக்கும் தெரிந்த வித்தைதான். அதைவிடப் பெரியது மாட்டுக் கணக்கு. முடக்கப்பட்ட நிலத்தில் கன்றுகளை வளர்த்து, வெட்டுக்கு அனுப்பும் முன் ஆவணம் சுத்தமாக உள்ள பண்ணைக்கு மாற்றிவிடுகிறார்கள். இறைச்சி ஆலை அந்தக் கடைசிப் பண்ணையை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறது. அடுத்த கட்டுரையை இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திருச்சி.