சிங்கப்பூர் மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தின சேதியும் உன் முட்டி வலிப் புராணமும் படித்தேன். பவானியில் எல்லாரும் சுகம்.

நெசவு வீடுகளுக்குப் பண்டிகைத் துணி எடுக்க நாங்கள் நடத்துகிற தீபாவளி நிதிக்கு ஒரு லட்சம் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மனசு குளிர்ந்தது, ஆனால் வாங்க முடியாது. கோபித்துக்கொள்ளாதே. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தவரைக்கும் உன் காசு நம்மூர்க் காசு. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிய பிறகு அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதைத் தொட வேண்டுமானால் 2010-ஆம் வருஷத்துச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கி மெயின் கிளையில் தனிக் கணக்கு வேண்டும். வேட்டி சேலை கொடுக்கிற நமக்கு அதெல்லாம் எதற்கு?

சட்டம் குறுக்கே வராவிட்டாலும் மொத்தமாக வாங்க எனக்கு இஷ்டமில்லை. முன்பு ஒரே புண்ணியவான்தான் செலவு முழுக்க ஏற்றுக்கொண்டிருந்தார். வியாபாரம் நொடித்த வருஷம், டோக்கனெல்லாம் கொடுத்து முடித்த பிறகு கையை விரித்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன? இப்போது ஆளுக்கு மாதம் நூறு ரூபாய்தான். டீக்கடைக்காரர், கொரியர் பையன், ஓய்வு பெற்ற வாத்தியார் என்று கலவையான கூட்டம். நாலு பேர் நின்றுபோனாலும் நிதி ஆடாது. முன்பு நிதியிலிருந்து துணி வாங்கிக்கொண்ட வீடுகளில் சிலது இப்போது கொடுக்கிற பக்கம் வந்துவிட்டது. அதைத்தான் நான் பெரிய வரவாக நினைக்கிறேன்.

நம்மூர் நெசவு வீடு உனக்குத் தெரியாததா? ஐப்பசி அடைமழையில் தறிக்குழியில் ஈரம் ஊறிவிடும், போட்ட பாவு நூல் காயாது. கூலி நிற்கிற நேரம் பார்த்துப் பண்டிகை வரும். ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் சரி, அதை நெய்கிறவனுக்கு போனஸ் யார் கொடுக்கிறார்கள்? அதனால் தை பிறந்ததுமே வாரம் 25 ரூபாய் அவர்களே சேர்க்கிறார்கள். 40 வாரத்தில் 1,000 ஆகும். நிதியிலிருந்து இன்னொரு 1,000 போடுகிறோம். அவர்கள் சேர்க்கிற பணம் எங்கள் கைக்கு வருவதே இல்லை, மகளிர் குழுவின் வங்கிக் கணக்கிலேயே இருக்கும். தீபாவளிச் சீட்டு பிடித்து ஊரைவிட்டு ஓடினவர்களை நாம் பார்க்காததா!

மேடை, ஃபிளெக்ஸ், வரிசை எதுவும் கிடையாது. 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் தைப்பூசத்துக்கு இலவச வேட்டி சேலை டோக்கன் வாங்கப் போன கூட்டத்தில் நெரிசலில் நாலு பெண்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு வரிசை என்ற பேச்சையே நான் எடுக்கவிடுவதில்லை. ஒரு வேனைப் பேசி, திங்கட்கிழமை ராத்திரி ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்கு எல்லாரும் போய்விடுவோம். போன வருஷம் ஒரு அம்மா கத்தரிப்பூ நிறச் சேலையை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, முந்தியை உதறிப் பார்த்து, கரையில் ஒரு இழை விட்டிருப்பதைக் கடைக்காரருக்கே காட்டினார். 420 சொன்னது 350-க்கு வந்தது. தறிக்காரியிடம் வியாபாரி பேசி ஜெயிக்க முடியுமா? மிச்சப் பணத்தில் பையனுக்கு ஒரு பெல்ட். எங்களுக்கு வேலை பை தூக்குவது மட்டும்தான். நாங்களே எடுத்துக் கொடுத்த காலத்தில் எல்லாருக்கும் ஒரே பச்சை, ஒரே கரை. தெருவில் நடந்தால் யார் யார் வாங்கினவர்கள் என்று ஊருக்கே தெரியும்.

பட்டாசுச் சண்டை மட்டும் வருஷா வருஷம் தீர்வதில்லை. காசைக் கரியாக்கக் கூடாது என்று வாத்தியார் ஒற்றைக் காலில் நிற்கிறார். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வெடிக்கத்தான் அனுமதி, அதற்கு ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டிகூட இல்லாவிட்டால் பிள்ளைகள் பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்கிறேன் நான்.

இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பணத்துக்குப் பதில் நீ வா. அக்டோபர் கடைசி வாரம் வந்தால், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சட்டை அளவு எடுக்க ஆள் வேண்டும். உன் கையெழுத்துதான் தையல்காரருக்குப் புரியும். வரும்போது கோடாலித் தைலம் அரை டஜன் எடுத்துவா, அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது. டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. வேன்காரரிடம் முன்பணம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பவானி மாப்ளை