வைடன் போட்ட வாக்கு

போர்ட்லண்ட்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்ளச் சொல்.

எங்கள் ஓரிகன் செனட்டர் ரான் வைடன் 2003-இல் முதியோர் மருந்துக் காப்பீட்டுச் சட்டத்துக்கு ஆதரவாக அளித்த வாக்கை ‘விலைபோன வாக்கு’ என்று எழுதியிருக்கிறாய். என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

சட்டத்தின் குறை எனக்கும் தெரியும். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் மருந்துச் செலவைச் சேர்த்தார்கள். கூடவே, மருந்து நிறுவனங்களிடம் அரசு விலை பேசக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். பிரதிநிதிகள் சபையில் அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கிய வாக்கெடுப்பைத் தோற்கும் நிலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இழுத்துப்பிடித்து, 220-215 என்று வென்றார்கள். அருவருப்பான வேலைதான். செனட்டில் 54-44, குடியரசுக் கட்சியோடு சேர்ந்து ஆதரித்த ஜனநாயகக் கட்சியினரில் வைடனும் ஒருவர். மெடிகேரைத் தனியார் காப்பீட்டுக்குத் திறந்துவிடுகிறார்கள் என்று எதிர்த்த ஜனநாயகக் கட்சி செனட்டர் டெட் கென்னடியின் அச்சத்திலும் நியாயம் இருந்தது.

ஆனால் நான் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். முப்பது மாத்திரைக்கான சீட்டை நீட்டிவிட்டு, “பதினைந்து மட்டும் போதும்” என்று மற்றவர் காதில் விழாமல் சொல்லும் முதியவர்களைப் பார்த்தவன். இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்வார்கள். இதைவிட நல்ல சட்டம் வரும்வரை பொறுங்கள் என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது? 2006 ஜனவரியில் காப்பீடு நடைமுறைக்கு வந்ததும் அவர்களில் சிலர் முழுச் சீட்டுக்கும் மருந்து வாங்கிப்போனார்கள்.

அதிலும் ஒரு பள்ளம் இருந்தது. அந்த ஆண்டின் அடிப்படைத் திட்டப்படி, மருந்துச் செலவு 2,250 டாலரைத் தாண்டினால் 5,100 டாலரை எட்டும்வரை முழுவதும் கைக்காசு. மாதச் சந்தாவையும் விடாமல் கட்ட வேண்டும். ஆண்டின் பிற்பகுதியில் அந்தப் பில்லை நீட்டும்போது எனக்குக் கை கூசும்.

வைடன் வாக்களித்ததோடு ஒதுங்கிவிடவில்லை. அரசியலுக்கு வருமுன்பே முதியோருக்குச் சட்ட உதவி செய்துவந்தவர் அவர். விலை பேசும் தடையை நீக்கக் குடியரசுக் கட்சி செனட்டர் ஒலிம்பியா ஸ்னோவுடன் சேர்ந்து முட்டிமோதினார்; நடக்கவில்லை. 2022-இல் செனட் நிதிக்குழுத் தலைவராக இருந்தபோதுதான் அரசு விலை பேசும் அதிகாரம் சட்டமாயிற்று. முதல் பத்து மருந்துகளுக்குப் பேசி முடித்த விலை 2026 ஜனவரி முதல். கைக்காசுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் என்ற உச்சவரம்பு 2025-லேயே வந்துவிட்டது. 2003-இல் அந்தத் திட்டமே இல்லாமல் போயிருந்தால் எதைத் திருத்தியிருப்பார்கள்?

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். உன் மறுப்பை அதற்கு முன்பே எழுது. நிதானமாகப் படித்துவிட்டு வருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
இராமு